கற்பனை அரண்மனைக்கும் குடிதண்ணீர் வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

இல்லாத பேரரசு, இல்லாத மன்னன், இல்லாத தலைநகரம். ஆனால் மண்ணும் காற்றும் கடலும் மட்டும் நம் ராமநாதபுரக் கரையுடையவை. இப்படிக் கதை எழுதுகிறவர்களும் கணினி விளையாட்டுக்கு நகரம் வரைகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில், அரண்மனை பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். சுண்ணாம்பு வேலையும் பழங்கட்டடப் பராமரிப்பும் கடல்தொழிலும் அறிந்தவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். மந்திரக்கோல், பறக்கும் குதிரை பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டோம். அதெல்லாம் உங்கள் சௌகரியம்.

என் சக்கரவர்த்தி கடலை ஒட்டியே அரண்மனை கட்டுகிறார். அலை வந்து படிக்கட்டைத் தொடும். கொலுமண்டபத்தில் உட்கார்ந்தால் போர்க்கப்பல் வரிசை தெரியும். சரியாக வருமா? – தொண்டி வாசகர்

எந்தக் கடல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாம்பனுக்கு வடக்கே இருப்பது வடகடல். கடல்தொழில் செய்கிறவர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே இருப்பது தென்கடல், ஆண்கடல். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இது தலைகீழ். ஆகவே, "ஆண்டு முழுவதும் சீறும் கடல்" என்று இந்தக் கரையில் எழுத முடியாது. சீற்றம் வேண்டுமானால் கரையையும் மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படியைத் தொடும் அலை இருக்கட்டும். ஆனால் ஏற்றவற்றம் இங்கே ஒரு மீட்டர்கூடக் கிடையாது. "வற்றத்தின்போது மட்டும் தெரியும் ரகசிய வாசல், ஏற்றத்தில் 10 அடி மூழ்கும்" என்று எழுதினால் மண்டபத்துப் பையன்களே சிரிப்பார்கள்.

கப்பல்தான் பெரிய சிக்கல். வடகடல் ஆழமற்றது. பாம்பன் வாய்க்காலில் இயற்கையாக இருந்த ஆழம் சில அடிதான். 19-ஆம் நூற்றாண்டில் வெட்டி ஆழப்படுத்திய பிறகே ஓரளவு கப்பல்கள் நுழைந்தன. உங்கள் பெருங்கப்பல் வெகுதூரத்தில் நங்கூரம் போட வேண்டும். ஆளும் சரக்கும் வள்ளத்திலும் தோணியிலும்தான் கரை சேரும். இதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். எதிரிப் படையும் அப்படித்தான் இறங்கியாக வேண்டும், இடுப்பளவு நீரில், வெடிமருந்தைத் தலையில் தூக்கிக்கொண்டு. கதைக்கு இதைவிட நல்ல கோட்டைச் சுவர் கிடைக்காது.

இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளும் அலையோரத்தில் உட்காரவில்லை. முதலில் போகலூர், பிறகு கிழவன் சேதுபதி காலத்திலிருந்து ராமநாதபுரம். இரண்டுமே கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பவை. 1964 டிசம்பர் 22–23 இரவில் புயலால் தனுஷ்கோடிக்கு நடந்ததைப் பார்த்த தலைமுறைக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கரையில் ஒரு சுங்கச்சாவடி, கொடிமரம், முத்துக் குளிப்புக் காலத்துக்கு ஒரு கொட்டகை. அரண்மனை ஒரு காதமாவது உள்ளே. அதுதான் எங்கள் யோசனை.

முழுக்க முழுக்கக் கருங்கல்லால் ஆன அரண்மனை, 1,000 தூண்கள். எத்தனை ஆண்டு ஆகும்? – பரமக்குடி வாசகர்

ஆண்டுக் கணக்கை விடுங்கள், வண்டிக் கணக்கைப் பாருங்கள். இந்தக் கரையில் கருங்கல் மலை இல்லை. கிடைப்பது மணல், களிமண், கடலோர மணற்கல். கருங்கல் வேண்டுமானால் திருமயம் பக்கமோ மதுரைப் பக்கமோ போக வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் 12 அடி உயரத் தூண் என்றால் 27 கன அடி. கன அடிக்குச் சுமார் 75 கிலோ. ஆக, ஒரு தூண் இரண்டு டன். சாதாரண இரட்டைமாட்டு வண்டி இதில் பாதியைத்தான் இழுக்கும், தூணைப் பாதியாக வெட்டவும் முடியாது. எனவே தனியாகச் செய்த கனமான வண்டி, நான்கு ஏர் மாடு, நாளுக்குச் சில மைல் தொலைவு. மழைக்காலத்தில் கரிசல் பாதையில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும், ஆகவே தை முதல் ஆவணி வரைதான் இழுவை. 1,000 தூண் 2,000 டன். அது வெறும் தூண் மட்டும். மேலே போடும் உத்திரக்கல்லும் கூரைப் பலகைக்கல்லும் தனி.

ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். அது கோயில். பல சேதுபதிகள் காலத்தைத் தாண்டித்தான் அந்தக் கோயில் முடிந்தது. மன்னன் தன் வாழ்நாளில் குடியேற வேண்டிய வீட்டுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. மதுரையில் 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் கல் மாதிரித் தெரியும் அந்தப் பருத்த தூண்களுக்குள் இருப்பது செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. கங்கைகொண்டசோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது கிடைத்ததும் செங்கல் அடித்தளமும் கூரை ஓடும் இரும்பு ஆணியும்தான். தமிழ்நாட்டில் கோயில் நின்று அரண்மனை அழிந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

ஆகவே உங்கள் பேரரசன் கருங்கல்லை எண்ணிச் செலவு செய்யட்டும். வாசல்படி, நிலைக்குடுமி சுழலும் குழிக்கல், தூணின் அடிக்கல், சிம்மாசன மேடை. மற்றதெல்லாம் செங்கல், சுண்ணாம்பு, மரம். மரத்தில் தேக்கு மேற்கு மலையிலிருந்து வர வேண்டும். சேவகர் வீடு, லாயம், உக்கிராணத்துக்கு நம்மூர்ப் பனையே போதும். முற்றின பனையின் வெளிவட்டத்தில் கறுத்து இறுகிய வைரப் பகுதியை மட்டும் அறுத்துச் சட்டமாக எடுப்பார்கள். நடுவில் இருக்கும் சோற்றியைச் சட்டத்தில் விட்டால் கரையான் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

கூரை மெத்தைக் கூரையாக இருக்கட்டும். ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம். அதன்மேல் மெல்லிய செங்கல்லை நிமிர்த்திச் சாய்வாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்குவது. அதன்மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கியது. கடைசியில் தட்டோடு இரண்டு வரிசை. தட்டுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டோடு தட்டுவார்கள். கட்டை துள்ளி எழும்பும்வரை தட்ட வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் அடுத்த ஐப்பசியில் கொலுமண்டபத்தில் வாளி வைக்க வேண்டியதுதான்.

கடுக்காய், கருப்பட்டி, முட்டை போட்டுச் சுண்ணாம்பு குழைத்தார்கள் என்று எல்லாக் கதையிலும் வருகிறது. ஒரு கொத்தனார்தான் என் கதாநாயகி. வேலையைச் சரியாக எழுத வேண்டும். – கீழக்கரை வாசகி

நல்ல கதாநாயகி. விரிவாகவே சொல்கிறோம்.

உங்கள் ஊர்க் கரையில் கிடைப்பது கிளிஞ்சல். அதையும் கரியையும் அடுக்கடுக்காகக் காளவாயில் போட்டுச் சுட வேண்டும். 100 கிலோ கிளிஞ்சல் முழுக்க வெந்தால் 56 கிலோதான் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி காற்றோடு போய்விடும். வெந்த கிளிஞ்சல் உருவம் கெடாமல்தான் இருக்கும், கையில் எடுத்தால் மட்டும் பஞ்சுபோல் கனமில்லாமல் இருக்கும். உங்கள் நாயகி சரக்கு வாங்கும்போது அதைத்தான் பார்ப்பாள்: கனக்கிற கிளிஞ்சல் வேகாதது.

அடுத்து நீற்றுவது. தொட்டியில் தண்ணீரை முதலில் விட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். கொதித்துப் பொங்கும். அந்தத் துளி கண்ணில் பட்டால் பார்வை போகும். ஆகவே குனிந்து பார்க்கும் சீடனை அவள் பின்னால் இழுத்துவிடும் காட்சி ஒன்று வைக்கலாம். பொங்கி அடங்கியதைச் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதமாவது ஊறவிட வேண்டும். நீறாத கட்டி ஒன்று தப்பிப் பூச்சில் போனால், மாதக்கணக்குக் கழித்துச் சுவருக்குள்ளேயே நீறி, ஊதி, பொரிபோல் தெறித்து விழும். மன்னன் முடிசூடும் நாளில் ஓவியத்து யானையின் கண் தெறித்து விழுவதாக நீங்கள் எழுதலாம். ஊர் அதைத் துர்ச்சகுனம் என்னும். அவளுக்கு மட்டும் எந்தக் கூலியாள் சல்லடையை ஏமாற்றினான் என்று தெரியும்.

மணல் வைகை மணல். கடல்மணல் கிட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று அள்ளினால், உள்ளிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்துச் சுவரை வேர்க்கவைக்கும். காய்கையில் வெள்ளையாகப் பூக்கும், பூக்கும்போது பூச்சைத் தள்ளிவிடும். சுவர் வேலைக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல். இதை வட்டமான கல் தொட்டியில் போட்டு, மாடு கட்டிய கல் உருளையால் அரைக்க வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் பதம்.

இனி கடுக்காய். தட்டி உடைத்த கடுக்காயையும் கருப்பட்டியையும் தண்ணீரில் பத்து நாள்போல ஊறவைத்து, புளித்த வாடை வந்ததும் வடித்து, அந்தத் தண்ணீரால்தான் குழைக்க வேண்டும். அளவு முக்கியம். கருப்பட்டியும் கடுக்காயும் சேர்ந்து சுண்ணாம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. இனிப்பு சாந்தை இளக்கமாக்கி வேலையை எளிதாக்கும், கூடவே இறுகுவதையும் தாமதப்படுத்தும். மிஞ்சினால் பூச்சு நாள்கணக்கில் நகம் பதியும்படி கிடக்கும், எறும்பும் வரும்.

முட்டை எல்லாச் சாந்திலும் போடுவதில்லை. லட்சம் முட்டை உடைத்துக் கோட்டை கட்டியதாக எழுதுகிறவர்கள் கோழியைப் பற்றி யோசிப்பதில்லை. வெள்ளைக் கரு கடைசிப் பூச்சுக்கு மட்டும். முதல் பூச்சு அரை அங்குலம். அது இறுகியபின் அடுத்தது அதைவிட மெல்லிசு, அதற்கடுத்தது இன்னும் மெல்லிசு. முடிவில் மணலே இல்லாத, வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பை முட்டை வெள்ளையோடு தேய்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் உரசுவார்கள். உரச உரசச் சுவர் வேர்க்கும். அந்த வேர்வையை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து மறுபடி உரச வேண்டும். கண்ணாடியில் போலக் கையின் பிம்பம் சுவரில் தெரிகிறபோது நிறுத்தலாம். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அந்த மினுக்கத்தைப் பார்க்கலாம்.

காலமும் பாருங்கள். ஐப்பசியில் பூச்சு காயாது. கச்சான் காற்றில் மேல்தோல் முந்திக் காய்ந்து வலைபோல் வெடிக்கும், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாலும் முழுக்கத் தடுக்க முடியாது. தையிலிருந்து பங்குனிவரைதான் அவள் பூச்சு வேலையில் கை வைப்பாள். படைத்தலைவரான தளவாய் வந்து ஆடியில் முடி என்று மிரட்டினால் கதை சூடு பிடிக்கும்.

பவளப்பாறையில் அரண்மனை? – மண்டபம் வாசகர்

கட்டியிருக்கிறார்கள், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைப் பார்த்தாலே தெரியும். வெட்டும்போது இளசாக இருந்து காற்றுப்பட்டு இறுகும். உள்ளே நிறைய துளை, துளை நிறைய உப்பு. ஆகவே ஒரு மழைக்காலமாவது வெட்டவெளியில் போட்டு உப்பைக் கழுவவிட வேண்டும். ஆனால் பாறையை வெட்டினால் அலையைத் தடுக்க ஆள் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போனதற்குப் பவளப்பாறை வெட்டியதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். உங்கள் மன்னன் மூன்றாவது மாடி எழுப்பும்போது எதிரே இருந்த தீவு ஒன்று காணாமல் போகட்டுமே.

மாதிரி செய்து பார்க்கிறேன் என்று கரையில் ஒரு துண்டும் பொறுக்காதீர்கள். பவளப்பாறை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டானாலும் வழக்குதான்.

தலைநகரில் அரண்மனைவாசிகள் 1,000 பேர், யானை 100. குடிநீருக்கு முற்றத்தில் ஒரு பெரிய கிணறு வைத்திருக்கிறேன். – திருப்புல்லாணி வாசகர்

கிணற்றை மூடுங்கள். ஆழக் கிணறு இந்தக் கரையில் உப்பைத்தான் கொண்டுவரும். மணலுக்குள் மழைநீர், கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறதா? இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். அதனால்தான் கரையோரப் பெண்கள் மணலில் ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிறைக்கிறார்கள். மெதுவாக எடுத்தால்தான் அது நல்ல தண்ணீர். ஏற்றம் கட்டி இறைத்த அன்றே கரிக்கத் தொடங்கும்.

அரண்மனைக்கு வேண்டியது ஊருணி. கணக்குப் போடுவோம். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முடிந்துவிடும். மிச்சம் ஒன்பது மாதம், 270 நாள். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் என்றால் 1,000 பேருக்கு 13.5 லட்சம் லிட்டர், அதாவது 1,350 கன மீட்டர். வெயில் நாளுக்கு 5 மி.மீ. குடிப்பதாகக் குறைத்தே வைத்தாலும் 270 நாளில் 1.35 மீட்டர் போய்விடும். 30 மீட்டர் சதுரம், 3 மீட்டர் ஆழம் என்று வெட்டினால் கொள்ளளவு 2,700. வெயிலுக்கு 1,215, மனிதருக்கு 1,350. மிஞ்சுவது 135 கன மீட்டர். அது வண்டலுக்கும் தவளைக்கும். கரையைச் சரிவாக வைப்பதையும் கசிவையும் சேர்த்தால் இன்னும் அகலமாக வெட்ட வேண்டும்.

பார்த்தீர்களா, யானையே கணக்கில் வரவில்லை. ஒரு யானைக்கு நாளைக்கு 150 லிட்டர் வைத்தாலும் 30 மனிதரின் பங்கு. 100 யானை 3,000 பேருக்குச் சமம்! யானைக் கொட்டிலைக் கண்மாய் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். அணிவகுப்பு நாளில் மட்டும் அரண்மனைக்கு வரட்டும், அதுவும் பத்துப் பதினைந்து.

ஊருணிக்கு வரத்துக்கால் வேண்டும். அது நுழையும் இடத்தில் வண்டல் படிய ஒரு குழி. நிறைந்தால் வழிய ஒரு கலிங்கு. அடியில் களிமண்ணை மிதித்து இறுக்க வேண்டும், மணல் அடியானால் தை மாதத்துக்குள் காலியாகும். காவலாள் ஒருவர். குளிப்பது, துவைப்பது, மாட்டை இறக்குவது எதுவும் கூடாது. கலங்கல் தண்ணீரானால் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டு ஊற்றிவைத்தால் விடிவதற்குள் தெளிந்துவிடும். அரசியின் குடத்தில் எதிரி விஷம் கலக்கும் காட்சிக்கு அந்தக் கொட்டையைவிட வசதியான இடம் உண்டா?

அரண்மனையிலிருந்து கடல்வரை சுரங்கப்பாதை? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

வேண்டாம். பத்துப் பதினைந்து அடியில் தண்ணீர் ஊறும் மண்ணில் அது சுரங்கம் ஆகாது, நீளமான கிணறு ஆகும். தப்பி ஓட வேண்டுமானால் சமையற்காரர் வாசல் வழியாக விறகு வண்டியில் அனுப்புங்கள்.

அரண்மனை எந்தத் திசை பார்க்க வேண்டும்? சாத்திரம் வேண்டாம், காரணம் வேண்டும். – ராமநாதபுரம் வாசகி

திசையைக் கண்டுபிடிப்பதே ஒரு நல்ல காட்சி. சமதரையில் ஒரு கோலை நட்டு, அதை மையமாக வைத்து வட்டம் போடுவார்கள். காலையில் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஓர் அடையாளம், பிற்பகலில் வட்டத்தைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் ஓர் அடையாளம். இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்கு. உச்சிவேளையில் இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்து, கயிறிட்டு மன்னனுக்கு மனை வகுத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. உங்கள் கற்பனை நாட்டுக்கும் அது பொருந்தும்.

இனி வெயில். ராமநாதபுரத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கோலுக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். இதை மறந்து, வடக்குச் சுவருக்கு நிழலே வேண்டாம் என்று வரைகிறவர்கள் அதிகம். 10 அடிச் சுவரை உச்சிநேரத்தில் முழுக்க நிழலில் வைக்க, வடக்கே இரண்டரை அடிச் சாய்ப்பு போதும். தெற்கே மார்கழி வெயிலுக்கு ஆறரை அடி வேண்டும். ஆகவே தாழ்வாரம் தெற்கில் அகலம், வடக்கில் ஒடுக்கம். கிழக்கும் மேற்கும் தாழ்ந்த வெயில். சாய்ப்பு உதவாது, சாளரத்தைச் சிறிதாக்கிப் பூவரசும் வேம்பும் வைக்க வேண்டியதுதான்.

மடைப்பள்ளி தென்கிழக்கில் இருக்கட்டும். சாத்திரம் அக்கினி மூலை என்கிறது. காற்றும் அதையேதான் சொல்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வரும், வாடை வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கு மூலையில் எழும் புகையை ஒன்று கிழக்குச் சுவரோரமாகவும் மற்றது தெற்குச் சுவரோரமாகவும் தள்ளிக்கொண்டு போய்விடும். நடு முற்றத்துக்கு வராது. வடமேற்கு மூலைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும், அதை லாயத்துக்குக் கொடுங்கள். ஈயும் நாற்றமும் அதே வழியில் போகட்டும்.

தலைவாசல் எவ்வளவு உயரம்? – முதுகுளத்தூர் வாசகர்

யானை தோள்வரை 9 அல்லது 10 அடி. அம்பாரி, அதில் மன்னன், மேலே குடை. 18 அடிக்குக் குறைந்தால் குடையை மடக்க வேண்டும், அது அவமானம். கதவு ஒரு பக்கம் 18 அடிக்கு 6 அடி, 4 அங்குலக் கனத் தேக்கு என்றால் 36 கன அடி, 650 கிலோவுக்கு மேல். கீல் தாங்காது. கதவிலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, கீழ்க்குடுமியைக் கருங்கல் குழியில் உட்கார்த்தி எண்ணெய் விட வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்குப் பெரிய கதவுக்குள்ளேயே நாலு அடி உயரத் திட்டிவாசல்; தூதனோ கொலைகாரனோ தலையைக் குனிந்துதான் நுழைவான். குமிழும் பட்டையும் பித்தளையில் போடுங்கள். இரும்பானால் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பருத்து, மரத்தையே பிளந்துவிடும்.

அரண்மனைப் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? "மாட்சிமை பொருந்தியவரே" என்று எழுதினால் எனக்கே ஒட்டவில்லை. – கமுதி வாசகி

ஒட்டாதுதான். இந்தச் சீமையில் மன்னரைக் குறிக்கச் "சமுகம்" என்ற சொல் புழங்கியது. "சமுகத்துக்குச் சேதி சொல்லியாச்சுங்க, கொலுவுக்கு எழுந்தருள ரெண்டு நாழிகை ஆகும்" என்று வாயிற்காவலன் சொன்னால் போதும், அரண்மனை கண்முன் வந்துவிடும். (நாழிகை 24 நிமிடம். ஒருவர் ஒரு மணி நேரமாகவே கதை முழுக்க ஓட்டியிருந்தார்.) அமைச்சர் பிரதானி, படைத்தலைவர் தளவாய், ஓலை எழுதுகிறவர் ராயசம், அரச குலத்துப் பெண் நாச்சியார், 1730-இல் ராமநாதபுர அரண்மனையில் பிறந்த வேலு நாச்சியாரின் பெயரிலேயே அது இருக்கிறது. உள்வீட்டில் மன்னனும் மகன்தான், பேரன்தான்: "ஐயா கூப்பிடுறாக", "அப்பத்தா இன்னும் சாப்பிடலை" என்று பேசட்டும். முத்து விலை பேச வரும் கீழக்கரை மரைக்காயர் தன் அண்ணனைக் காக்கா என்பார். அவரை மன்னனுக்கு எதிரே கைகட்டி நிறுத்திவிடாதீர்கள். கடல் வணிகம் அவர் கையில் இருந்தது, இருக்கை கொடுத்துத்தான் பேசுவார்கள்.

சுவரோவியத்தில் என்ன வரையலாம்? – தேவிபட்டினம் வாசகர்

ராமலிங்க விலாசத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். கிழவன் சேதுபதி கட்டியது. ஓவியங்கள் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியர் வந்து காணும் காட்சி, ராமாயணம், பாகவதம், அந்தப்புரம் எல்லாம் ஒரே கட்டடத்தில். சாமியும் சண்டையும் சல்லாபமும் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இருக்கும். அந்தக் கலவைதான் அரண்மனை. நிறத்தைப் பொறுத்தவரை, ஈரச் சுண்ணாம்பில் நிற்பவை மண் நிறங்கள்: காவி, மஞ்சட்காவி, கரி. அவுரி நீலத்தைக் காய்ந்த சுவரில் பசையோடு ஏற்ற வேண்டும், ஆகவே மழை ஒழுகினால் முதலில் கழுவிப்போவது வானமும் கண்ணனும்தான்.

பேரரசு அழிந்து 200 ஆண்டு கழித்து என் நாயகன் அந்த அரண்மனைக்குள் நுழைகிறான். என்ன மிஞ்சியிருக்கும்? – ஏர்வாடி வாசகர்

முதலில் போவது கதவும் சாளரமும். காலம் அழிப்பதற்குள் ஊர்க்காரர்கள் கழற்றிவிடுவார்கள். தேக்குச் சட்டமும் அப்படியே. சட்டம் போனால் மெத்தைக் கூரை பாளம் பாளமாக விழும், தரையில் முழங்கால் அளவு செங்கல் ஜல்லி கிடக்கும். கூரை இருக்கும் அறையில் வௌவால். அந்த வாடையை அவன் வாசலிலேயே உணர்வான். சுவரின் கீழ் மூன்று அடி உப்பேறி, செங்கல் மாவாக உதிர்ந்து உள்வாங்கியிருக்கும். அதற்கு மேலே பூச்சு நன்றாக இருக்கும், ஓவியமும் இருக்கும். இடுப்புக்குக் கீழே இல்லாத மன்னர்களும் கால் இல்லாத யானைகளும் அவனைப் பார்ப்பார்கள். நன்றாகப் பூசிய இடத்தில் கையை வைத்தால் இன்னும் குளிர்ச்சியாக, வழவழவென்று இருக்கும்.

மதில் உச்சியில் காக்கை போட்ட விதையில் அரசங்கன்று முளைத்திருக்கும். புதையல் தேடுகிற அவசரத்தில் அவன் அதைப் பிடித்து ஏறவோ இழுக்கவோ வேண்டாம். வேர் சுண்ணாம்பைத் தின்றுகொண்டே சுவரின் நடுவரை இறங்கி, இப்போது செங்கல்லைக் கட்டிப் பிடித்திருப்பதே அந்த வேர்தான். இழுத்தால் கன்றோடு சுவரும் வரும்.